திருக்கை முள்ளும் திராவிடோசாரஸும்

1/ சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு அண்ணன் காலில் காயத்தோட வந்தார். பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கும்போது ஏதோ குத்திடுச்சு. எக்ஸ்ரேயில் ஒரு சின்ன வெள்ளைத் துணுக்கு. "பாத எலும்பு லேசா உடைஞ்சிருக்கு" என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினேன்.

2/ இரண்டு வாரம் ஆகியும் புண் ஆறல. சீனியர் எலும்பு மருத்துவர் வேறு கோணத்தில் படம் எடுக்கச் சொன்னார். அது அவர் எலும்பே இல்ல, திருக்கை மீனோட முள்! துணுக்கு ஒன்றுதான். யாருடைய எலும்பு என்பதில்தான் நான் தப்பு பண்ணிட்டேன்.

3/ இதே கேள்வியில் நம்ம தமிழ்நாட்டு டைனோசர் ஒன்று பல வருஷமா மாட்டிக்கிட்டு நிக்குது. பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. கேள்விப்பட்டிருக்கீங்களா?

4/ இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் இதை அறிவித்தார்கள். கிடைத்த இடம் அன்றைய திருச்சி மாவட்டம். மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், முதுகுத் தகடு, ஒரு முள் என்று கிடைத்தவை எல்லாமே துண்டு துண்டாகத்தான்.

5/ அவர்கள் சொன்ன டயக்னோசிஸ்: ஸ்டெகோசர். முதுகில் தகடுகளை வரிசையாகச் சுமந்துகொண்டு இலைதழை தின்னும் டைனோசர் வகை. ஆனால் மற்ற நாடுகளில் இந்த வகையின் எச்சங்கள் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோகின்றன. நம்ம ஊர்ப் பாறையோ ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு பழசு. அப்போ இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்து தனித்தீவாகிக் கொண்டிருந்த காலம். உலகத்தில் அழிந்துபோன வம்சம் இங்கே மட்டும் தப்பிப் பிழைத்ததா? விஷயம் அவ்வளவு பெருசு.

6/ ஒரு சிக்கல். அந்தப் பாறை கடலடியில் படிந்தது. அரியலூர்ப் பக்கம் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. கடலுக்குள்ள தரை விலங்கு எப்படி?

7/ 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் செகண்ட் ஒபினியன் கொடுத்தார்கள். இவை டைனோசர் எலும்புகளே இல்லை. அரித்துத் தேய்ந்த பிளீசியோசர் எலும்புகள் என்றார்கள். துடுப்புக் கால்களோட கடலில் நீந்திய ஊர்வன அவை. பல புத்தகங்களில் நம்ம திராவிடோசாரஸ் கடல் விலங்காக மாறிப்போனது.

8/ கடலில் கிடைத்ததாலேயே அது கடல் விலங்காகிடுமா? ஏரிக்கரை மக்களைக் கேளுங்க, வெள்ளக் காலத்தில் செத்த மாடு மிதந்து வருவதைச் சொல்வாங்க. பிணம் அழுகும்போது வயிற்றில் வாயு சேரும். உடம்பு உப்பி மிதக்கும், ஆறு அதைக் கடலுக்குத் தள்ளும். பெரம்பலூர் சாத்தனூரில் இருக்கும் 18 மீட்டர் கல்மரமும் கடல் படிவத்தில் கிடைத்ததுதான். மரம் கடலில் முளைக்காதே!

9/ 2004இல் கால்டன், அப்சர்ச் இருவரும் மூன்றாவது கருத்தைச் சொன்னார்கள்: அந்த மண்டையோடும் தகடுகளும் பிளீசியோசருடையவை அல்ல, ஆனால் எல்லாவற்றையும் மறுபடி முறையாக ஆராய்ந்து விவரிக்க வேண்டும். கேஸ் இன்னும் மூடல.

10/ பேரில் 'திராவிட' இருப்பதால் நாம் ஒரு பக்கம் சாயக் கூடாது. பெருமையைப் பார்த்து டயக்னோசிஸ் மாறாது. மறுபடி படம் எடுக்க அந்த நோயாளியின் கால் இருந்தது, அதனால் என் தப்பு திருந்தியது. டைனோசருக்கு எலும்புதான் நோயாளி. அது பத்திரமாக இருக்கணும்.

11/ இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதே இருவர் அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிச்சம் ஓவியங்களும் சில புகைப்படங்களும்தான். இனி யாராலும் செகண்ட் ஒபினியன் கொடுக்க முடியாது.

12/ அரியலூர், பெரம்பலூர் சொந்தங்களே, ஓடையில், வயலில், சுரங்கத்தில் வித்தியாசமான கல் எலும்பு தென்பட்டால் பெயர்த்து எடுக்காதீங்க. இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து நிலவியல் துறைக்கோ அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்க. திராவிடோசாரஸ் கேஸை முடிக்கப்போகும் எலும்பு உங்க வயல் வரப்பிலேயே இருக்கலாம்.