இரண்டு சிரட்டைகள்

எங்கள் லயத்துக் காம்பராவில் இரண்டு வகைச் சிரட்டைகள் இருந்தன. ஒரு வகை வெளித் திண்ணையில் அம்மாவின் பால்வாளிக்குள் கிடக்கும். அதில் ரப்பர் பாலின் புளித்த வாடை ஊறியிருக்கும். மற்றது அடுப்புக்கு மேலே, புகை படியும் பரணில் இருக்கும். அதற்குள் கித்துள் கருப்பட்டி உறைந்திருக்கும். "ரெண்டையும் மாத்திப்புடாத" என்று அம்மா தினமும் சொல்வாள். கறுப்புத் தேத்தண்ணிக்கு ஒரு கடி கருப்பட்டி. அதுதான் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போகுமுன் அவளுக்குக் காலைச் சாப்பாடு.

எங்கள் தோட்டம் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் நடுவே ஒரு மலைச்சரிவில் இருந்தது. கீழ்மலையில் ரப்பர், மேல்மலையில் தேயிலை. ஓடைக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். ஓடையின் இரு கரையிலும் கித்துள் மரங்கள் நின்றன. அவற்றை யாரும் நடவில்லை. மரநாய் பழத்தைத் தின்று எச்சத்தோடு விட்டுப்போன விதைகள் முளைத்தவை. அவற்றை ஏறிச் சீவியவர் அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர். நாங்கள் பிள்ளைகள் அவரைச் சீயா, தாத்தா, என்போம். அம்மாவுக்கு அவர் மாமே. அவருக்கு அம்மா துவே, மகள்.

இருவரும் விடியுமுன் எழுந்து கத்தியோடு மரத்திடம் போகிறவர்கள். ஓடையில் ஒரு தட்டையான பாறை உண்டு. அதன்மேல் இருந்த சாணைக்கல் சீயாவுடையது, அம்மாவும் அதில்தான் தீட்டுவாள். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் ஒருநாள் சொன்னார்: "துவே, ஒன் கத்தி மூக்கு வளஞ்சது, என் கத்தி நேரா. கல்லு ஒண்ணுதான்." இரண்டு தொழிலுக்கும் அடிப்படை விதியும் ஒன்றுதான். மெல்லிசாகச் சீவ வேண்டும். ரப்பரில் கத்தி ஆழ இறங்கிக் கட்டையைத் தொட்டால் பட்டை முண்டு முண்டாகி அந்த இடம் பாழ். கித்துளில் ஒரு சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். கையிலிருக்கும் நிதானம்தான் வருமானம்.

எங்கள் மாகாணமான சபரகமுவையின் வரலாற்றை இரத்தினக்கல், தேயிலை, ரப்பர் என்றுதான் எழுதுகிறார்கள். தேயிலைக்கும் ரப்பருக்கும் முந்தியது கித்துள். களனி ஆற்றங்கரையில் ஓர் ஊரின் பெயரே கித்துள்கல, கித்துள் பாறை. தமிழ்நாட்டில் இதைக் கூந்தற்பனை என்பார்கள். பூங்குலை அவிழ்த்துவிட்ட கூந்தல்போலத் தொங்குவதால் வந்த பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இட்ட அறிவியல் பெயரில் ஊரென்ஸ் என்ற சொல் இருக்கிறது. எரிவது என்று பொருள். பழத்தைத் தொட்டவருக்கு அந்தப் பெயரின் நியாயம் புரியும், கை அரித்து எரியும். மரம் பத்துப் பதினைந்து வருடம் பூக்காமல் வளரும். பிறகு உச்சியில் முதல் பாளை, அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே என்று சில வருடங்களில் இறங்கிக்கொண்டே வரும். கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும்.

சீயா தடிகளைக் கொடியால் மரத்தில் கட்டிப் படியாக்கி ஏறுவார். விரியாத பாளையின் அடியில் கீறி, மருந்து வைத்துக் கட்டுவார். மிளகு, உப்பு, தேசிக்காய் இருப்பது எங்களுக்குத் தெரியும். என்ன இலை என்பதை அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மருந்து, தகப்பன் மகனுக்குச் சொல்வது. சில நாளில் நுனியைச் சீவினால் நீர் சொட்டத் தொடங்கும். காலையிலும் மாலையிலும் சீவ வேண்டும். சொட்டுகிற அந்த இனிப்பு நீர் தெலிஜ்ஜ.

இந்தத் தொழிலின் மொத்த இரகசியமும் அதற்கடுத்த சில மணி நேரத்தில் இருக்கிறது. பானையில் விழுந்த கணத்திலிருந்து நீர் மாறத் தொடங்கும். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பானையின் மண்டியிலும் அது இருக்கிறது. காலையில் இனிப்பு, மத்தியானம் சுறுசுறுவென்று நுரை, அந்திக்குக் கள், அப்படியே விட்டால் காடி. பாகு, எங்கள் பேச்சில் பாணி, காய்ச்ச வேண்டுமானால் இந்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். சீயா அதற்குப் பானையைக் கொதிநீரில் கழுவிப் புகை காட்டி, உள்ளே ஹல் மரத்துப் பட்டைத் துண்டு ஒன்றைப் போடுவார். ஹல் இலங்கையின் ஈரவலயக் காட்டுக்கே உரிய மரம். அதன் துவர்ப்பு புளிப்பைத் தள்ளிப்போடும். யாழ்ப்பாணத்தார் பனைக்கு முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இதற்குத்தான். மலையில் பட்டை, மணலில் சுண்ணாம்பு. கள்ளுக்கான பானையைச் சீயா கழுவவே மாட்டார். அடிமண்டி கிடந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும்.

இறக்கிய பிறகு வேலை சீயாவின் மனைவி ஆச்சியின் கைக்குப் போகும். ஏழெட்டுப் போத்தல் நீர் வற்றினால் ஒரு போத்தல் பாணி. இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. எந்த நேரத்தில் இறக்குவது என்பதை அவள் அகப்பையிலிருந்து விழும் நூலைப் பார்த்துச் சொல்வாள். ஏறுகிறவனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அடுப்படியில் புகை குடித்தவளைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679-இல் தப்பினார். 1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில் கித்துளும் தெலிஜ்ஜவும் வருகின்றன. சாதாரண மரம் ஒன்று நாளுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்றும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்த நீர் இனிமையானது, உடம்புக்கு நல்லது என்பது அவருடைய தீர்ப்பு. கண்டி இராச்சியத்தில் கருப்பட்டி வேலை ஒரு சாதிக்கென்று ஒதுக்கப்பட்ட இராஜகாரியம், அரசனுக்குச் செய்தாக வேண்டிய ஊழியம். ஏறியவர்கள் தாழ்வாக நடத்தப்பட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

1815-இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. கோப்பி வந்து அழிந்தது, தேயிலை வந்தது. 1876-இல் ஹெனரத்கொடையில் நட்ட ரப்பர், புது நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கை மூடியது. 1903-இல் யட்டியாந்தோட்டை வரை ஒடுக்கமான ரயில் பாதை வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர்கள் வந்தார்கள். பனை தெரிந்த சனங்கள்தான். ஆனால் இங்கே அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது கொழுந்துக் கூடையும் பால்கத்தியும். ஓடைக்கரை மரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அதில் ஏறத் தங்களுக்கென்று ஒரு முழ மண் இல்லை.

சாராயக் குத்தகையும் கள்ளும் காலனி அரசின் கருவூலத்தை நிரப்பிய இரு ஊற்றுகள். 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் என்பதற்குக் கொடுத்த வரைவிலக்கணத்தில், தென்னையோ பனையோ கித்துளோ, அதன் நீர் புளித்திருந்தாலும் புளிக்காவிட்டாலும் கள்தான். சீயா ஹல் பட்டையால் பிரித்துவைத்த காலையையும் அந்தியையும் சட்டம் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. கருப்பட்டிக்கு இறக்கியவனும் அனுமதிப்பத்திரத்துக்கு நிற்க வேண்டியவனானான். அதே ஆண்டில் கள் விற்கும் தவறணைகள் பெருகுவதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் மறுபடி கிளர்ந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வில் வளர்ந்தது அந்த மேடைகளில்தான்.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. இதை மறைத்துக் கள்ளைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. சம்பள நாளில் தவறணைக்குப் போன ஆண்கள் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார்கள் என்பது லயத்துப் பெண்களுக்குத் தெரியும். என் அப்பாயி தவறணை இருந்த வளைவைக் கடக்கும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வாள். அவளே சீயா கொண்டுவரும் தெலிஜ்ஜயை வாங்கி, எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை ஊற்றுவாள். "இது காலத் தண்ணி" என்பாள். சட்டம் பிரிக்காததை, எழுத்தறியாத அவள் பிரித்தாள்.

1973, 1974. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. அரிசியும் மாவும் பாணும் கிடைக்காத காலம். தோட்டங்களில் சனங்கள் பசியால் செத்தார்கள். அந்த மாதங்களில் சீயா பட்டுப்போன இரண்டு மரங்களை வெட்டினார். தண்டின் சோற்றை இடித்து, தண்ணீரில் பிசைந்து வடிகட்டி, அடியில் படிகிற மாவைக் காயவைத்தார்கள். சாம்பல் நிற மாவு. அதைக் கிண்டித் தலப்ப என்ற கெட்டிக் கூழாக்கி, மேலே ஒரு சொட்டுப் பாணி விட்டால் இரண்டு மணிவரை பசி தாங்கும். ஆச்சி ஒரு பானை மாவை அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். வருடக்கணக்கில் இனிப்புத் தந்த மரம், செத்த பிறகு சோறும் தந்தது.

அதே வருடங்களில்தான் லயம் காலியானது. 1964 ஒக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. என் சித்தி குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறும்போது சித்தியின் தகரப் பெட்டியில் காய்ந்த வாழைச்சருகில் சுற்றிய ஆறு கருப்பட்டிகள் இருந்தன. இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில், அங்கே கிடைப்பது பனங்கருப்பட்டி, ருசி வேறு என்று எழுதியிருந்தாள்.

இவ்வளவும் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது ஒரு பிரெஞ்சுப் போத்தலால். பாரிஸில் உணவகமொன்றில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வெள்ளை வைனைக் கொண்டுவந்தான். ஒரே குடும்பம், சில ஏக்கர் திராட்சை, மருந்தடிப்பதில்லை, ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, கந்தகம் சேர்ப்பதில்லை. "கலங்கலா இருக்கேன்னு பாக்காதீங்க அத்தை, அங்க இதுக்குத்தான் விலை" என்றான். நான் குடிப்பதில்லை. முகர்ந்து பார்த்தேன். சீயாவின் மத்தியானப் பானை அதற்குள் இருந்தது.

பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். திராட்சைச் சாறு வைனாவது உயிருள்ள நுண்ணுயிர்களால் என்பதை விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கினார். வைனைப் பற்றிய அவருடைய நூல் 1866-இல் வந்தது. அந்த அறிவைக் கொண்டு தொழிற்சாலைகள் நுண்ணுயிரை அடக்கவும், தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை வாங்கிப் போடவும் பழகின. பொஜொலே பகுதியைச் சேர்ந்த ஜூல் ஷொவே, தாமே வேதியியல் அறிந்த வைன்காரர், அதே அறிவால் எதிர்த்திசையில் நடந்தார். தோட்டத்து ஈஸ்ட் போதும், கந்தகம் வேண்டாம் என்று செய்து காட்டினார். லுவார் ஆற்றங்கரையில் கூலே தெ செரான் என்று ஒரு தோட்டம். துறவிகள் 1130-இல் நட்டது, ஏழு ஹெக்டேர்தான். 1962 முதல் ஜொலி குடும்பத்துடையது. வங்கி வேலையை விட்டு வந்த நிக்கொலா ஜொலி அங்கே ஷெனின் என்ற ஒரே திராட்சையில் வெள்ளை வைன் செய்தார், செயற்கை இரசாயனம் இல்லாமல். அந்தச் சின்னச் சரிவின் பெயரை வேறு எவரும் போத்தலில் போடப் பிரெஞ்சுச் சட்டம் விடாது.

அவர்களைப் பார்த்து நமக்குப் பெருமை தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேலை. இனிப்பு நீர் ஒன்று தானாக மாறுகிறது. எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் கற்றிருக்கிறது. அங்கே சட்டம் அந்த அறிவுக்கு வேலி கட்டியது. இங்கே சட்டம் அந்த அறிவை மதுவாக மட்டுமே பார்த்தது. அதனால் கித்துள் பாணி என்ற பெயரில் சீனிப்பாகு விற்றவனைத் தடுக்க ஆள் இருக்கவில்லை, விடியலில் மரமேறியவன் ஒளிந்து நிற்க வேண்டியிருந்தது. சபரகமுவைக் கித்துளுக்கு அதன் ஊர்ப் பெயரோடு சட்டக் காவல் வேண்டும். ஏறுபவருக்கும் காய்ச்சுபவருக்கும் அந்தப் பெயரில் பங்கு வேண்டும்.

சீயாவும் ஆச்சியும் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். சீயாவின் பேரன் ஆட்டோ ஓட்டுகிறான், மரமேறப் பழகவில்லை. அறுபதடி உயரத்தில் கொடிப் படியில் நிற்கும் தொழிலுக்கு அவனை வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. சீயாவின் மகள், எனக்கு அக்கா, அவளுக்கு நான் நங்கி, தங்கை, இன்னும் இரண்டு மரத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்துச் சீவுகிறாள். ஓய்வுபெற்ற பிறகு நான் மாதமொருமுறை போய் அவளிடம் கருப்பட்டி வாங்குகிறேன். பெயர்ச்சீட்டு ஒன்றும் ஒட்டியிருக்காது. சிரட்டையைக் கையில் எடுத்ததுமே சொல்வாள், இது ஓடைக்கரை மரம், இது கிணற்றடி மரம் என்று. ஓடைக்கரை கறுப்பு, கிணற்றடி செம்மண் நிறம். நாக்கில் வைத்தால் எனக்கும் இப்போது தெரிகிறது.

போன தடவை ஓடைக்கரைக் கருப்பட்டி ஒன்றே ஒன்று இருந்தது. அந்த மரத்தின் கடைசிப் பாளை, மற்ற எல்லாவற்றுக்கும் கீழே வந்தது, தீர்ந்துவிட்டது என்றாள். காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல்வரை வந்தாள்.

"அடுத்த மாசம் மாவு வாங்க வா, நங்கி."