தவறான இடத்தை வெட்டிய அறுபது ஆண்டுகள்

பிறந்த குழந்தை பொதுவாக முதல் 24 மணி நேரத்திலேயே கருப்பாக மலம் கழித்துவிடும். சில குழந்தைகள் இரண்டு நாளாகியும் கழிக்காது. வயிறு உப்பும், பச்சையாக வாந்தி எடுக்கும். சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் இந்தக் கோளாறின் பெயர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய்.

ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் கோபன்ஹேகன் நகரின் குழந்தை மருத்துவர். 1886-ல் பெர்லினில் நடந்த மருத்துவர் கூட்டத்தில், தீராத மலச்சிக்கலால் இறந்துபோன இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். இருவருக்கும் பெருங்குடல் பயங்கரமாக வீங்கியிருந்தது. அந்த வீக்கம்தான் நோய் என்று அவர் நினைத்தார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பின்னால் வந்த அறுவை மருத்துவர்கள் பலரும் வீங்கிய பகுதியையே வெட்டினார்கள். குடலுக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்தவர்களும் உண்டு. நோய் திரும்பத் திரும்ப வந்தது. 1901-லேயே டிட்டெல் என்பவர் குடலின் நரம்பு செல்களில் குறை இருப்பதைக் கவனித்திருந்தார். ஆனால் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

விடை கிடைத்தது 1940-களில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். ஸ்வீடனில் பிறந்த ஆர்வர் ஸ்வென்சன் என்ற மருத்துவர், இப்படி அவதிப்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றில் துளையிட்டு, குடலை வெளியே திறந்துவிட்டார். குழந்தைகள் நன்றாகத் தேறின. துளையை மூடியதும் பழைய தொல்லை திரும்பியது. யோசித்துப் பாருங்கள்: வீங்கிய குடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றால், குறை அதற்குக் கீழேதானே இருக்க வேண்டும்?

பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபோது, ஆசனவாய்க்கு மேலே குறுகலான ஒரு பகுதி தெரிந்தது. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்த அந்தப் பகுதிதான் அசையவே இல்லை. மலம் அங்கே தேங்கியதால்தான் மேல்குடல் வீங்கியது.

கருவில் நரம்பு செல்கள் குடலின் மேலிருந்து கீழ்நோக்கி நகர்ந்து வருகின்றன. பாதியில் நின்றுவிட்டால், கடைசிப் பகுதிக்கு நரம்பு செல்களே கிடைக்காது. சுருங்கிய குடல் விரியாது.

ஸ்வென்சனும் அலெக்சாண்டர் பில்லும் முதலில் நாய்களிடம் பரிசோதித்தார்கள். பிறகு குழந்தைகளுக்கு அந்தக் குறுகிய பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே தைத்தார்கள். மலத்தை அடக்கும் தசையை மட்டும் தொடவில்லை. 1948-ல் இது வெளியானது. அதே ஆண்டில், நரம்பு செல்கள் இல்லாததே காரணம் என்பதை வேறு ஆய்வாளர்களும் உறுதி செய்தார்கள்.

1956-ல் பிரான்சின் டுஹாமெல், 1960-களில் இத்தாலியின் சோவே என்று பலர் இந்த முறையை மாற்றி அமைத்தார்கள். 1998-ல் மெக்சிகோ மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல் ஆசனவாய் வழியாகவே செய்யும் முறையை வெளியிட்டார்கள். அடிப்படை மட்டும் மாறவில்லை: நரம்பு செல் இல்லாத குடலை எடுக்க வேண்டும்.

ஸ்வென்சன் 2012-ல், 103 வயதில் காலமானார். நோய்க்கு இன்றும் ஹிர்ஷ்ஸ்ப்ருங் பெயர்தான். அதனால் என்ன? பிழைத்த குழந்தைகளுக்குப் பெயரா முக்கியம்!