உட்காருவதற்காகப் பிறந்த வண்டி

கொராடினோ தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. ஹெலிகாப்டர் வடிவமைப்பில் பெயர் வாங்கிய இத்தாலிய விமானப் பொறியாளர் அவர். சங்கிலி எண்ணெய் பட்டு உடுப்பு பாழாகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு, காலைத் தூக்கிப்போட்டு ஏறி உட்கார வேண்டியிருக்கிறது என்று குறைகளை அடுக்கினார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையான தன் ஆலைக்குப் புதிய பிழைப்புத் தேடிக்கொண்டிருந்த என்ரிகோ பியாஜியோ, சாமானியர்களுக்கான ஒரு வண்டியை வடிவமைக்கும் பொறுப்பை இந்த மனிதரிடம்தான் ஒப்படைத்தார்.

தஸ்கானியோவின் கணக்கு உட்காரும் ஆளிடமிருந்து தொடங்கியது. நாற்காலியில் இருப்பதைப்போல முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பாதம் பலகையில் படிந்திருக்க வேண்டும், கியர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜினைத் தகட்டுக்குள் மூடிப் பின்சக்கரத்தோடு சேர்த்துவிட்டார். சங்கிலி தேவையில்லாமல் போனது. 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அந்த வண்டிதான் வெஸ்பா. இரு சக்கர வண்டிகளின் வரலாற்றில் வேகத்தைவிட உட்காரும் சௌகரியத்துக்கு முதலிடம் கொடுத்துப் பிறந்தவை மிகச் சில. அவற்றில் இதற்கே தலைமை இடம் தரலாம்.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. மோட்டார் சைக்கிளில் கால்மிதி உடம்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் ஓட்டுபவர் மிதியை ஊன்றி இடுப்பைச் சற்றே உயர்த்திக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி எழ வழியில்லை. உடம்பின் பெரும்பாரம் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. சக்கரமோ வெறும் 8 அங்குலம். பெரிய சக்கரம் தாண்டிவிடும் குழியில்கூட அது இறங்கி ஏறும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மிக அதிகமாக வருத்துவது விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழுமாக வரும் அதிர்வு. இதைத் தடுக்கும் வேலையில் ஷாக் அப்சர்பரோடு சீட்டுக்கும் பங்கு உண்டு.

தொடக்கத்தில் சீட்டுக்குத்தான் வேலை அதிகம். முதல் 98 சிசி வெஸ்பாவின் பின்புறத்தில் சுருள்வில் கிடையாது. 1947இல் மிலான் நகரின் இன்னொசென்டி நிறுவனம் கொண்டுவந்த லாம்ப்ரெட்டாவின் முதல் மாடலிலும் பின்பக்கம் எந்த ஏற்பாடும் இல்லை. சக்கரம் இன்னும் சிறிது, 7 அங்குலம்தான். இரண்டு நிறுவனங்களும் 1948இல் இந்தக் குறையைச் சரிசெய்தன. அதுவரை சாலைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நின்றது சைக்கிள் மரபிலிருந்து வந்த ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கைதான். இரும்புச் சட்டம், அடியில் கம்பிச் சுருள்கள், மேலே உறை. பார்வைக்கு எளியது, ஆனால் ஆளின் பாரத்துக்கேற்ப அமுங்கி எழும்.

1955இல் வந்த வெஸ்பா ஜிஎஸ் 150 இந்த வரலாற்றைத் திசை திருப்பியது. 10 அங்குலச் சக்கரம், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும் வேகம், இருவர் அமரும் ஒரே நீள சீட். ஸ்பிரிங் இருந்த இடத்தை மெல்ல நுரை பிடித்துக்கொண்டது. ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கும் வித்தையை டன்லப் நிறுவனம் 1929லேயே கண்டிருந்தது. 1937இல் ஜெர்மனியின் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலுக்கு வழி திறந்தார். 1950களில் பாலியூரித்தேன் நுரை மலிவான மெத்தைப் பொருளாகச் சந்தைக்கு வந்தது.

நீண்ட பயணத்துக்கு ஸ்கூட்டர் ஆகாது என்பவர்களுக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. 1962இல் சாந்தியாகோ கியேன், அந்தோனியோ வெசியானா என்ற இரண்டு ஸ்பானிய மாணவர்கள் வெஸ்பாவில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஓவியர் சால்வதோர் தாலி கையெழுத்திட்ட அந்த வண்டி இன்று பொந்தெதேராவில் உள்ள பியாஜியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1964இல் ரொபெர்த்தோ பத்ரிஞ்ஞானி ஒலிம்பிக்ஸ் நடந்த டோக்கியோவுக்கு மிலானிலிருந்து வெஸ்பாவிலேயே போனார். எல்லோரையும் மிஞ்சியவர் ஜோர்ஜியோ பெத்தினெல்லி. 1992இல் ரோமிலிருந்து சைகோனுக்குக் கிளம்பியவர், பிறகு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் நுனிவரை, மெல்போர்னிலிருந்து கேப் டவுன்வரை என்று 2,50,000 கிலோமீட்டருக்கு மேல் வெஸ்பாவிலேயே அலைந்தார்.

இந்தியாவில் கதை வேறு. பம்பாயின் ஏபிஐ நிறுவனம் லாம்ப்ரெட்டாவையும் பஜாஜ் வெஸ்பாவையும் இங்கே கொண்டுவந்தன. பியாஜியோவுடனான ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. அடுத்த ஆண்டே பஜாஜ் தன் சொந்தப் பெயரில் வண்டியை இறக்கி, அதற்கு ராணா பிரதாப்பின் குதிரையான சேத்தக்கின் பெயரைச் சூட்டியது. அதே 1972இல் தொடங்கிய லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இன்னொசென்டியின் இயந்திரங்களை வாங்கி விஜய் சூப்பர் ஸ்கூட்டரைச் செய்தது. பணம் கட்டிவிட்டுப் பத்தாண்டுவரை காத்திருந்து வண்டி எடுத்தவர்கள் உண்டு. அத்தனை நாள் காத்திருந்து வந்த ஸ்கூட்டர் ஒரு தனி ஆளின் வண்டியாக இருக்க முடியுமா? அது குடும்பத்தின் வண்டி. முன்பலகையில் நின்றபடி ஒரு குழந்தை, நடுவில் ஒன்று, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த அம்மா.

பழைய பஜாஜ்களில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தனித்தனி சீட். முன்சீட்டின் முதுகில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. பின்சீட்டில் உட்காருபவரின் பாதுகாப்பைச் சட்டமும் பார்த்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கைப்பிடியும் கால்மிதியும் கட்டாயம் என்கிறது; துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. புடவை கட்டிய பெண் எப்படி உட்காருவார் என்பதை நினைத்துப் பார்த்து எழுதிய விதி அது. ஆனால் ஒருக்களித்த நிலையில் இடுப்பு முறுக்கியிருப்பதால் வரும் வலிக்கு எந்த விதியும் மருந்து சொல்லவில்லை. நெடுந்தூரம் போய் இறங்கிய அம்மாக்களுக்கே அந்த வலி தெரியும்.

அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு நன்மை தானாக அமைந்திருந்தது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் பங்குக்குப் போனால் எல்லோரும் இறங்கியாக வேண்டும். சீட்டைத் தூக்கி, மூடியைத் திருகி, பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அளந்து ஊற்றி, இரண்டும் கலக்கட்டும் என்று வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மரத்துப்போன தொடைக்கு ரத்தம் திரும்பிவிடும். 2013இல் வந்த டிவிஎஸ் ஜூபிடரில் பெட்ரோல் மூடி வெளியே வந்தது, மற்றவையும் பின்தொடர்ந்தன. இறங்காமலே நிரப்பலாம் என்பது வசதிதான். உடம்புக்குக் கிடைத்த கட்டாய ஓய்வு அதோடு போயிற்று.

2001இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவுக்குப் பிறகு சீட் என்பது ஒரு பெட்டியின் மூடியும் ஆகிவிட்டது. கீழே ஹெல்மெட்டும் காய்கறிப் பையும் போக வேண்டும், மேலே உயரம் குறைந்தவருக்கும் கால் தரையில் எட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நுரையின் கனம்தான் சுருங்குகிறது. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது பஞ்சுபோல் இருக்கும் மெல்லிய நுரை, அரை மணி நேரத்தில் முழுதாக அமுங்கி எலும்பை அடித்தட்டில் உட்கார வைத்துவிடும். கொஞ்சம் கெட்டியான, அகலமான நுரையே நெடுந்தூரத்துக்கு உதவும்.

தொழிற்சாலை விட்ட குறையைத் தைத்து மூடுபவர்கள் தெருவோரச் சீட் வேலைக்காரர்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், ஊருக்கு ஊர் மெக்கானிக் கடைகளின் பக்கத்திலும் அவர்களைப் பார்க்கலாம். பின் அடித்த ரெக்ஸினை உரித்து, குழி விழுந்த இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்து, அந்த அளவுக்குக் கெட்டி ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டுவார்கள். முன்னோக்கிச் சரிந்த சீட்டைச் சமன் செய்வார்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆள் முன்னால் வழுக்காமல் இருக்க அதுவே வழி. ஓட்டுபவரின் எடையைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குபவர்களும் அவர்களில் உண்டு.

விற்பனைக்கு வரும் ஸ்கூட்டரில் அந்தக் கேள்வி இல்லை. 50 கிலோ மாணவிக்கும் 90 கிலோ விற்பனைப் பிரதிநிதிக்கும் ஒரே நுரை, ஒரே சாய்வு. இன்று நாள் முழுக்க ஸ்கூட்டரிலேயே பிழைப்பவர்கள் உணவும் பார்சலும் கொண்டுவரும் பையன்கள். சார்ஜிங் துளைக்கும் டிஜிட்டல் மீட்டருக்கும் இடம் கண்டுபிடித்த நிறுவனங்கள், இரண்டு மூன்று வகைச் சீட்டுகளை வைத்து வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கவிட வேண்டும். வாங்குபவர்களும் மைலேஜைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.