கிண்டியா, ஐஐடியா? ஒரே சாலையில் இரண்டு வாசல்கள்



போன ஞாயிறு மாலை அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு காத்திருந்தார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்.

"சார், பாப்பாவுக்கு ஐஐடி மெட்ராஸ்ல சிவில் கிடைக்குது. கிண்டியில எலெக்ட்ரிகல் கிடைக்கும்போல இருக்கு. எதுல சேர்க்கட்டும்? ஐஐடின்னா பேரு சார்!"

பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்றேன். "எலெக்ட்ரிகல் தாத்தா" என்றாள், அப்பாவுக்குக் கேட்காத குரலில்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை, பேர் பெற்ற கல்லூரி என்பதற்காகவே, அவனுக்குப் பிடிக்காத பாடத்தில் சேரச் சொன்னேன். இரண்டே வருடத்தில் படிப்பை விட்டுவிட்டான். அது என் தப்பு. அதனால் இந்த முறை யோசனை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வரலாற்றைத்தான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1794இல் கோட்டைக்குப் பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. மொத்தம் 8 மாணவர்கள். நிலத்தை அளந்தால்தானே வரி வாங்க முடியும்! அதுதான் வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரி ஆனது. 1920இல் கிண்டிக்கு வந்தது. எலெக்ட்ரிகல் படிப்பு 1930இல்தான் தொடங்கியது.

1940இல் அந்த எலெக்ட்ரிகல் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அங்கேயே பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா சுப்பாராவ்தான் முதல்வர் சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். சிவில் படிக்க திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இரு பெண்களும் வந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில் அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று கையால் திருத்தினார்களாம்! பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதைப் பணியிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு. இதைக் கேட்டதும் பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

இடம் யாருக்கு என்ற சண்டையும் பழையது. கிண்டியில் இடம் கேட்ட சீனிவாசன், மருத்துவத்துக்கான செண்பகம் துரைராஜன் இருவர் வழக்கிலும் 1951இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நம் தெருப் பிள்ளைகள் இன்று பொறியாளர்களாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

மேற்கு ஜெர்மனி உதவியோடு ஐஐடி மெட்ராஸ் தொடங்கியது 1959 ஜூலை 31இல். கிண்டிக் காட்டையொட்டிய நிலம், ஜெர்மன் பேராசிரியர்கள், ஜெர்மன் இயந்திரங்கள். ஆக, கிண்டிக்கும் ஐஐடிக்கும் 165 வருட வயது வித்தியாசம். இருந்தாலும் இரண்டுக்கும் வாசல் அதே சர்தார் படேல் சாலையில்தான்.

நம் கலாம் ஐயா எங்கே படித்தார்? குரோம்பேட்டை எம்ஐடியில். ராஜம் என்பவர் தன் வீட்டை விற்று 1949இல் தொடங்கிய கல்லூரி அது. கலாம் சேர்ந்தபோது அதற்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. சேரப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். வளாகத்தில் நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அவர் விமானப் பொறியியலை எடுத்தார். பேரைப் பார்த்து எடுக்கவில்லை.

ஐஐடி குறைந்தது என்று நான் சொல்லவே இல்லை. அங்கே கிடைக்கும் ஆய்வுக்கூடமும், நாடு முழுவதிலிருந்தும் வரும் சக மாணவர்களும் பெரிய செல்வம். 2018இலிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடமும் உண்டு. சிவில் பிடித்த பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் நான்கு வருடம் காலையில் எழுந்து அந்தப் பாடத்தைப் படிக்கப்போவது பிள்ளைதானே, அப்பா இல்லையே?

நேற்று போன் வந்தது. "கிண்டின்னே முடிவு பண்ணிட்டா சார்." குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "சொந்தக்காரங்க கேட்டா என்ன சார் சொல்றது?"

"லலிதா படிச்ச வகுப்புல சேர்ந்திருக்கான்னு சொல்லுப்பா" என்றேன். சிரித்தானா இல்லையா, தெரியவில்லை.

இரண்டு வளாகங்களிலும் படித்த நம் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் தைரியமாக நாலு வார்த்தை எழுதுங்கள். அவரிடம் காட்டுகிறேன்.