ஒரிஜினல் இன்டெல் போர்டு

அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் என்றால் பிராண்ட் இல்லாத கம்ப்யூட்டர் என்று அர்த்தம். எச்.சி.எல்., விப்ரோ, ஜெனித் என்று பெயர் போட்ட பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து பூட்டித் தருவதை வாங்கினார்கள். கேபினெட் எந்த ஊர்ச் சரக்கு, கீபோர்டு யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் 2000-களின் நடுவில் மதுரையில் கம்ப்யூட்டர் வாங்கிய எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிராண்டின் பெயர் மட்டும் தவறாமல் காதில் விழும். "நம்மளது ஒரிஜினல் இன்டெல் போர்டு." காபி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

இதில் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் 'டூப்ளிகேட்' இல்லை, 'சிப்செட்'. கடையில் இரண்டு விலை இருக்கும். ஒன்று ஒரிஜினல் இன்டெல் போர்டு. இன்னொன்று இன்டெல் சிப்செட் போர்டு. சிப்செட் என்பது பிராசஸருக்கும் மெமரி, ஹார்ட் டிஸ்க் போன்ற மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் தரகர். அந்தச் சில்லை இன்டெல்லிடம் வாங்கி, தங்கள் பலகையில் பதித்து விற்றவர்கள் மெர்க்குரி, ஆசுஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ. போன்றவர்கள். சில்லோடு சேர்த்துப் பலகையும் இன்டெல் பெயரிலேயே வந்தால் அது ஒரிஜினல். விலை வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருடம், காலேஜ் ஃபீஸ் கட்டிய கையோடு கம்ப்யூட்டர் கடைக்கு வரும் அப்பாவுக்கு ஐந்நூறு ரூபாயும் கணக்குத்தான்.

சில்லு செய்கிற கம்பெனி பலகை விற்க வந்ததே விசித்திரம். 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, பிராசஸரை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கியது. கடையில் கிடைக்கும் உறுப்புகளால் கட்டியதைப் பிறரும் கட்ட முடியுமே, கட்டினார்கள். தைவானில் 1986-ல் ஜிகாபைட்டும் எம்.எஸ்.ஐ.யும் தொடங்கின. 1989-ல் ஏசரிலிருந்து வெளியே வந்த நான்கு இன்ஜினியர்கள் ஆசுஸைத் தொடங்கினார்கள். பெகாசஸ் என்ற பறக்கும் குதிரையின் பெயரில் முன்பாதியை வெட்டிவிட்டார்களாம், அகரவரிசையில் முன்னால் வரவேண்டும் என்று. அவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. 486 பிராசஸர் அப்போது தைவான்காரர்கள் கைக்குச் சீக்கிரம் வராது. பிராசஸரே இல்லாமல், தொழில்நுட்பக் குறிப்புகளை வைத்தே ஒரு போர்டைச் செய்து இன்டெல்லிடம் எடுத்துப் போனார்கள். அங்கே இன்டெல்லின் சொந்த 486 போர்டே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அதையும் சரிசெய்து கொடுத்தார்கள் என்பது கதை. எவ்வளவு மெருகேறியதோ, எனக்குப் பிடித்த கதை.

இன்டெல்லின் கணக்கு வேறு. புது பிராசஸர் வந்ததும் அதற்கேற்ற போர்டு சந்தையில் இல்லையென்றால் பிராசஸர் விற்காது. அதனால் பென்டியம் காலத்தில் தானே போர்டுகளைப் பெருமளவில் இறக்கியது. 1995-ல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வகுத்தது. ஸ்க்ரூ எங்கே வரவேண்டும், பவர் கனெக்டர் எப்படியிருக்கவேண்டும் என்று அது சொன்னதால்தான், எந்தக் கடைக் கேபினெட்டிலும் எந்தக் கம்பெனி போர்டும் இன்று உட்காருகிறது. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல்தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்தது. சென்னை ரிச்சி தெருவில் இறங்கிய அட்டைப்பெட்டிகள் ஆம்னி பஸ்ஸின் வயிற்றில் ஏறி விடிகாலையில் மதுரை வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்த இடம் அவற்றுக்கு ஏற்றதாக இல்லை. மதுரையின் சித்திரை வெயில், மாட்டுத்தாவணிப் பக்கத்துப் புழுதி, அதற்கு மேல் கரண்ட்.

போர்டில் பிராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்ன டப்பாக்கள் போல நிற்பவை எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள். உள்ளே திரவம். சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, பத்து டிகிரி கூடினால் பாதி என்பது இத்துறையின் தோராயக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் ஓடும். 85 டிகிரிக்குத் தயாரித்த மலிவு ரகமோ அதே 65-ல் 8,000 மணி நேரம்தான். தினம் எட்டு மணி நேரம் என்றால் மூன்று வருடத்துக்குள் முடிந்தது. ஏ.சி. இல்லாத மதுரை வீட்டில், மூடிய கேபினெட்டுக்குள், மே மாதம் பிராசஸர் பக்கத்தில் 65 டிகிரி பெரிய விஷயமில்லை.

இது போதாதென்று அந்த வருடங்களில் உலகம் முழுக்க ஒரு கெபாசிட்டர் நோய் பரவியது. 2000-களின் தொடக்கத்தில் தயாரான பல கெபாசிட்டர்களில் திரவத்தின் சேர்மானமே கோளாறு. மூடி புடைத்து, பழுப்பாக ஒழுகும். திருடப்பட்ட ஃபார்முலா அரைகுறையாக இருந்ததுதான் காரணம் என்று அப்போதே செய்தி வந்தது. ஆனால் நிரூபணம் ஆகவில்லை. டெல் மாதிரி பெரிய கம்பெனியே பழுதான போர்டுகளுக்காக 2005-ல் 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. டெல் எழுதலாம். உசிலம்பட்டியில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எந்த போர்டு வேகமானது என்பது இல்லை. செத்துப்போனால் யார் மாற்றித் தருவார் என்பது. இன்டெல் போர்டுக்கு மூன்று வருட வாரண்டி. 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு மதுரையில் இருந்த உண்மையான பொருள் அந்த மூன்று வருடம்தான். பிராண்ட் மோகம் என்று இதைக் கேலி செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் பிராண்டட் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள்.

2006-ல் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்பாவும் கேட்டது அதைத்தான். "சிப்செட்டு கிப்செட்டுன்னு சொல்லாதீங்க தம்பி. ஒரிஜினலா குடுங்க." கடைக்கார அண்ணன் நீலப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், கம்பெனி சீல். நீங்களே பிரிங்க." மாடல் டி101ஜிஜிசி.

வீட்டுக்கு வந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் உள்ளே ஏ.டி.ஐ. ரேடியான் எக்ஸ்பிரஸ் 200 என்று இருந்தது. 2005-ல் மலிவு ரகச் சிப்செட்டுகளுக்கு இன்டெல்லிலேயே தட்டுப்பாடு. பிராசஸர் விற்பனை தடைபடக்கூடாதென்று, கனடாவின் ஏ.டி.ஐ. செய்த சிப்செட்டைப் பதித்துத் தன் பெயரில் அந்த போர்டை இறக்கியிருந்தது. இதை அது ஒளித்தும் வைக்கவில்லை. ஆனால் டவுன்ஹால் ரோட்டு அகராதிப்படி பார்த்தால், சந்தையிலேயே 'இன்டெல் சிப்செட்' இல்லாத போர்டு 'ஒரிஜினல் இன்டெல்' போர்டாக இருந்தது! 2006-லேயே ஏ.டி.ஐ.யை ஏ.எம்.டி. வாங்கியது. ஆக, எங்கள் வீட்டு ஒரிஜினல் இன்டெல்லின் தரகர், எதிராளி வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். அடுத்த வருடம் இன்டெல் டி201ஜிஎல்ஒய் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் தைவானின் எஸ்.ஐ.எஸ். சிப்செட்.

அப்பாவிடம் இதை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கெட்டா மாத்திக் குடுப்பான்ல?" என்றார். கொடுப்பார்கள் என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டார். அது கெடவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தது வேறு கம்பெனி போர்டு. இரண்டாவது கோடையில் நின்றது. திறந்தபோது ஐந்து கெபாசிட்டர்கள் உளுந்த வடை மாதிரி உப்பியிருந்தன. வாரண்டி முடிந்து சில வாரங்கள்தான். சால்டரிங் அயர்ன் வைத்திருந்த டி.வி. மெக்கானிக் ஒருவர் ஐந்தையும் மாற்றிப் போட்டார். இன்னும் மூன்று வருடம் ஓடியது. அந்தக் காலத்தில் மதுரையில் எத்தனை போர்டுகளுக்கு டி.வி. மெக்கானிக்குகள் உயிர் கொடுத்தார்கள் என்பதை எந்தக் கம்பெனி வரலாறும் எழுதப்போவதில்லை.

பிறகு தைவான் கம்பெனிகளே இந்த பயத்தை விற்பனைக்கு எடுத்துக்கொண்டன. திரவமில்லாத சாலிட் கெபாசிட்டர் என்று ஜிகாபைட் 'அல்ட்ரா டியூரபிள்' பெயரில் பெட்டிமேல் பெரிதாக அச்சடித்தது. 2012-ல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தபோது எங்கள் பக்கம் 12 மணி நேரத்தைத் தாண்டியது. கரண்ட் போவது கூடப் பரவாயில்லை, வருவதுதான் ஆபத்து. அந்த வருடம் போர்டு வாங்கியவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் பேசியது யு.பி.எஸ். பற்றி.

2013 ஜனவரியில் இன்டெல் டெஸ்க்டாப் மதர்போர்டுத் தொழிலிலிருந்து படிப்படியாக விலகுவதாக அறிவித்தது. மிச்சமிருந்தது என்.யு.சி. என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். 2023-ல் அதையும் ஆசுஸிடம் ஒப்படைத்தது.

போன மாதம் திருமங்கலத்திலிருந்து அக்கா போன் பண்ணினாள். மகன் யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறானாம். நான்கு போர்டு, நான்குமே தைவான் கம்பெனி. நான் வி.ஆர்.எம். ஹீட்சிங்க் எதில் பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போனை வாங்கி, "அதெல்லாம் இருக்கட்டும்டா, கெட்டுப்போனா மதுரையில குடுக்கலாமா, மெட்ராஸுக்கு அனுப்பணுமா?" என்றாள். இரண்டு கம்பெனிக்கு விசாரித்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் நாளைக்குப் போன் பண்ணவேண்டும்.