ஊவா மலையில் பறிப்போரும் பங்காளிகளும்

நகரத்தில் வசதியோடு வாழ்வோரிடையே ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு மலைநாட்டுக்கு வருகிறார்கள். இரசாயன உரம் இடாத பண்ணை எங்கே இருக்கிறதென்று விசாரித்துச் செல்கிறார்கள். கையில் ஒரு சிறு கூடையை வாங்கிக்கொண்டு, பாத்தியில் இறங்கி, ஸ்ட்ரோபெரிப் பழத்தைத் தாமே பறிக்கிறார்கள். பறித்ததை நிறுத்துக் காசு கொடுக்கிறார்கள். பிற நாடுகளில் இவ்வழக்கம் இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே பண்ணைக்குப் பணம் கட்டிவிட்டால், விளைச்சலில் ஒரு பங்கு வாரந்தோறும் வீடு வந்து சேரும். ஜப்பானில் 1971இல் இயற்கை விவசாயச் சங்கம் தோன்றியதையொட்டி இம்முறை வேரூன்றியது. அமெரிக்காவில் 1986இல் மசசூசெட்ஸ் மாநிலத்துப் பண்ணையொன்று இதனைக் கைக்கொண்டது. விளைந்தால் இருவருக்கும் விளைச்சல்; பொய்த்தால் இருவருக்கும் நட்டம் என்பதே இதன் சாரம்.

இதைப் பார்த்து நாம் ஏளனஞ் செய்ய வேண்டியதில்லை. உண்பவன் உழுபவனின் முகத்தைக் காண்பது நல்ல காரியந்தான். ஆனால் பதுளையிலோ அப்புத்தளையிலோ நின்றுகொண்டு ‘பறித்தல்’ என்றும் ‘பங்கு’ என்றும் பேசுகிறவன் அச்சொற்களுக்கு இந்த மலையில் உள்ள சரித்திரத்தை அறியாமற் பேசுதல் தகாது. தமிழில் பறித்தல் என்பதற்குக் கொய்தல் என்றும் பொருள் உண்டு, பிடுங்கிக்கொள்ளல் என்றும் பொருள் உண்டு. மாணவர்க்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நான் அகராதியைத் தேடிப் போவதில்லை. ஊவாவின் இருநூறு வருடச் சரித்திரமே எடுத்துக்காட்டாகப் போதும்.

பழம் பறித்தல் ஊவாவுக்குப் புதிதன்று. பிபிலைக்கு அப்பால், நில்கலைப் பக்கத்துப் புல்வெளிக் காடுகளில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் தாமே விளைகின்றன. மருந்துக்கு ஆகும் இந்த மூன்று காய்களையும் சுற்றுப்புறக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வந்தனர். மேட்டுக் கிராமங்களில் கோப்பிச் செடியும் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. வெள்ளையன் வருமுன்பே சிங்கள விவசாயி அதனை அறிவான். கோப்பிப் பூவைப் புத்தர் சந்நிதியில் வைத்தான். இலையைக் கறிக்கு இட்டான். பழத்தை ஊர் ஊராக வந்த சோனக வியாபாரிக்கு விற்றான். பெருந்தோட்டங்கள் தோன்றிய பின்னருங்கூட ஏற்றுமதியான கோப்பியில் கணிசமான பகுதி இந்த வீட்டுத் தோட்டங்களிலிருந்தே போயிற்று. நிலம் அவனுடையது, செடி அவனுடையது, பறித்தவனும் அவனே.

இந்த வாழ்வின்மீது இரண்டு அடிகள் விழுந்தன. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதம் முதலாவது. வீடுகளைக் கொளுத்தினர், தானியத்தை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர், பலன்தரும் மரங்களை வெட்டி வீழ்த்தினர். ஒரு சனக்கூட்டத்தை அடக்குவதற்குப் பழமரத்தை வெட்ட வேண்டுமென்று கண்டுபிடித்த புத்தியை என்னென்பது! இரண்டாவது அடி 1840ஆம் ஆண்டின் முடிநிலச் சட்டம். உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் மேய்ச்சல் நிலமும் அரசுக்கே உரியனவெனக் கொள்ளப்பட்டன. அந்நாளில் அரசு நிலம் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் துரைமாருக்குப் போயிற்று. அவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகத்தரே. முதலில் மரத்தை இழந்தவன், பின்னர் மரம் நின்ற நிலத்தையும் இழந்தான்.

அந்நிலத்தில் கோப்பி நடப்பட்டது. பழம் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. தன் நிலத்தைப் பறித்தவனிடம் கூலிக்குப் போகக் கண்டிநாட்டு விவசாயி இசையவில்லை. ஆகவே மதுரை, திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக நடந்து மலையேறினர். கொள்ளைநோயிலும் பட்டினியிலும் வழிநெடுக மாண்டோர் அநேகர். அவர்களுடைய சொந்த ஊர்களில் விளைச்சலைப் பங்கிடுவதற்கு மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்கள் வழங்கின. மலையேறி வந்தோரிற் பெரும்பாலோர் இரண்டு வாரத்திலும் சேராதவர்கள். நிலமற்ற பண்ணையாட்கள், தீண்டாமையால் ஒடுக்கப்பட்டோர். கோப்பிப் பழம் சிவக்கும் பருவத்தில் வந்து பறித்துக் கொடுத்துவிட்டு, பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவதே அக்காலத்து வழக்கமாயிருந்தது. ஆக, ஊவாவின் பெருந்தோட்டச் சரித்திரமே ஒரு பழம் பறிப்பில்தான் தொடங்குகிறது.

1869இல் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். இலங்கைக் கோப்பியை இருபது வருடத்துக்குள் சுடுகாடாக்கிய இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்ணிற்பட்டது நம் பதுளை மாவட்டத்தில்தான். 1880இல் இதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, நோயின் வித்து காற்றிற் பறந்து பரவுகிறது என்று காட்டினார். காட்டை ஒட்ட வெட்டி, இடையில் தடுப்பு மரமின்றி மலைக்கு மலை ஒரே செடியை நட்டதுதான் நோய்க்கு இராசபாட்டை அமைத்துக் கொடுத்தது. மண்ணைப் பற்றியும் பயிர்க் கலப்பைப் பற்றியும் இன்று இயற்கை விவசாயிகள் சொல்வதை, ஒரு தேசம் முழுவதையும் பணயம் வைத்து அன்றே நாம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை, கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை அதேபோல மலைக்கு மலை நட்டார்கள்.

தேயிலை ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. கோப்பிப் பழத்துக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு வருடம் முழுவதும் பருவம். ஆகவே வந்துபோகும் கூலி போதவில்லை, தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பம் தேவைப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் மலைக்கு வந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறைகள் வரிசை வரிசையாக எழுந்தன. விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் குரல், முதுகிற் கூடை, நிறுவையில் வெட்டும் இறாத்தல், எடை குறைந்தால் ‘அரைப் பேர்’. இவையெல்லாம் வாசகர் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் லிப்டனைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி வீழ்ச்சியால் மலிந்து கிடந்த தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்ன அவற்றுள் ஒன்று. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவருடைய விளம்பரம். இடைத்தரகன் வேண்டாம், விளைவிப்பவனிடமிருந்து நேரே வாங்குங்கள் என்றார். இன்று பண்ணைப் பங்கு விற்பவர்கள் சொல்வதும் இதுவேயன்றோ? லிப்டன் சொன்னதில் பொய்யில்லை. இடைத்தரகர் போயினர், இங்கிலாந்தின் தொழிலாளி வீட்டில் தேநீர் மலிந்தது. அந்த மலிவில் கிளாஸ்கோத் தொழிலாளி பயன் பெற்றான். இலாபத்தில் லிப்டன் சீமானானார். தம்பேதென்னையில் கொழுந்து பறித்தவளுக்கு நாட்கூலியே மிஞ்சியது. இடைத்தரகன் நீங்கினால் மட்டும் பறிப்பவளுக்குப் பங்கு வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று அம்மலையில் ‘லிப்டன் ஆசனம்’ என்னும் உச்சிக்கு உல்லாசப் பிரயாணிகள் காலைப் பனியில் ஏறுகிறார்கள். அவர் அமர்ந்து பார்த்த இடத்துக்குப் பெயருண்டு. கீழே நிரை பிடித்து நின்றவர்களின் இடத்துக்குப் பெயரில்லை.

பங்கு என்ற சொல்லைத் தொழிலாளர் தாமே உச்சரித்த காலமும் ஒன்று உண்டு. 1940இல் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் சமசமாஜிகளின் தலைமையில் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டக் காரியங்களை நடத்துவதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். இலாபத்தில் ஒரு சதம் அவர்கள் கேட்கவில்லை. நிருவாகத்தில் ஒரு சொல் கேட்டனர். பொலிசும் அரசும் அதனை நீடிக்க விடவில்லை. எனினும் நம் பாடப்புத்தகத்தில் லிப்டனுக்குக் கிடைக்கும் இடத்திற் காற்பங்காவது வேவெஸ்ஸவுக்குக் கிடைக்க வேண்டாமா?

இதே காலத்தில் மண்ணைப் பற்றிய ஓர் அறிவு இம்மலைகளை எட்டிப் பார்த்தது. இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய அல்பர்ட் ஹொவார்ட், சாணமும் இலைதழையும் மண்ணும் அடுக்கடுக்காக இட்டு மட்கச் செய்யும் முறையை உருவாக்கியிருந்தார். இந்திய விவசாயிகளைத் தமக்கு ஆசிரியராகக் கொண்டவர் அவர். 1937-38இல் இந்தியாவினதும் இலங்கையினதும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1940இல் வெளியான தம் நூலில் தேயிலைக்கும் இடம் கொடுத்தார். இயற்கை விவசாயத்தின் மூல நூல்களுள் ஒன்றாக உலகம் இன்று அதனைக் கொள்கிறது. ஹொவார்ட் பாராட்டிய அந்த அறிவு தமிழ்நாட்டு உழவரின் வழிவந்த லயத்து மக்களிடம் இருக்கத்தான் செய்தது. லயத்தின் பின்புறச் சரிவில் கையகல நிலத்தில் அவரையும் பூசணியும் சௌசௌவும் வைத்து, மாட்டுச் சாணத்தை மட்கவைத்து இட்டு, வேலை முடிந்த மாலையில் அவர்கள் வளர்த்த தோட்டங்களை நாம் இன்றும் காணலாம். அந்த நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானது. எப்பொழுது வேண்டுமானாலும் ‘எடு’ என்று சொல்லலாம்.

பின்னர் நடந்தவை விரைந்து சொல்லத் தக்கவை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், அந்தே முறையில் உழுத குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது, முற்போக்கான சட்டம். ஆனால் தேயிலை மலையில் குத்தகையாளனே இல்லை. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்கள் தனியாரிடமும் கம்பெனிகளிடமும் இருந்த தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரையின் இடத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர் வந்தார். பறித்தவள் பறித்துக்கொண்டேயிருந்தாள்.

1980களின் பிற்பகுதியில் அப்புத்தளைப் பக்கத்து இதல்கஸ்ஹின்னவில் இரசாயன உரமும் களைக்கொல்லியும் நீக்கித் தேயிலை வளர்க்கத் தொடங்கினர். இலங்கையில் இத்துறையின் முன்னோடி அது. அவ்விளைவுக்கு ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை உண்டு. மண்ணுக்கு நன்மை, நஞ்சு தெளிக்க வேண்டாத தொழிலாளிக்கும் நன்மை. இதனை மறுப்பவன் மூடன். ஆனால் களைக்கொல்லி நின்ற இடத்தில் களையைக் கையால் எடுக்க வேண்டும். கூட்டெரு சுமக்க வேண்டும். இயற்கை விவசாயத்தில் இயற்கையின் பங்கு பாதியென்றால் மற்றப் பாதி மனித உடலின் உழைப்பு. அந்த உழைப்பைக் கணக்கிற் சேர்க்காதவன் இயற்கையைப் பற்றிப் பேசுவது சொகுசு.

அவ்வாறு கணக்கிற் சேர்க்காமற் போனதன் பலனை நாடு முழுவதும் 2021இல் அனுபவித்தது. அவ்வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வீச்சில் தடை செய்தது. மண்ணைப் பக்குவப்படுத்தக் காலமும் இல்லை, மாற்று உரமும் இல்லை. நவம்பரில் தடையை நீக்கினர். சேதம் அதற்குள் நேர்ந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. 2021 மார்ச்சில்தான் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. அந்த ஆயிரத்துக்கு ஒரு நாளில் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து வேண்டுமென்று தோட்டங்கள் கேட்டன. உரமில்லாத செடியில் கொழுந்து ஏது? எடை குறைந்தது, மீண்டும் ‘அரைப் பேர்’. கொழும்பில் எழுதிய ஒரு உத்தரவு பசறை மலையில் ஒருத்தியின் கூடையில் போய் முடிந்தது.

பங்கு விடயத்தில் ஊவாவிலேயே ஒரு சிறு சோதனை நடந்துவருகிறது. எல்ல, பண்டாரவளைப் பக்கத்து அம்பதண்டேகமவில், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய தோட்டமொன்றை 2006 முதல் சிலர் இயற்கை முறையிற் பண்படுத்தி வருகின்றனர். ‘அம்பா’ என்பது அதன் பெயர். கைவினைத் தேயிலையோடு பழப்பாகும் கோப்பியும் அங்கே செய்யப்படுகின்றன. வெளிநாட்டார் வந்து தங்கிப் பார்க்கின்றனர். அப்பண்ணை தன் வருவாயில் பத்திலொரு பங்கைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கிறது. இலாபத்தில் அன்று, வருவாயில் என்பதைக் கவனிக்க வேண்டும். இலாபத்தைக் கணக்குப்பிள்ளையின் பேனா மறைத்துவிடலாம். விற்றுவந்த பணத்தை மறைப்பது எளிதன்று. சிறிய பண்ணைதான், அதனைக் கொண்டு மலைநாட்டையே அளந்துவிடலாகாது.

ஏனெனில் பெருந்தோட்டத்திலும் பத்திலொரு பங்கு கொடுக்கப்பட்டதுண்டு! 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. சில ஆண்டுகளின் பின் அக்கம்பெனிகளைத் தனியாருக்கு விற்றபோது, நூற்றுக்குப் பத்துப் பங்குகள் தொழிலாளருக்கு இலவசமாகப் பகிரப்பட்டன. ஆயிரக்கணக்கானோருக்குச் சிதறிய அந்தக் காகிதத்தால் எந்தத் தோட்டத்திலும் துரையின் மேசையருகே ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. இப்பொழுது வேறொரு திட்டம் பேசப்படுகிறது. குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும். விலையில் ஒரு பங்கு தொழிலாளிக்கு. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. மழை பொய்த்தால், விலை சரிந்தால் நட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதையும், சேமலாப நிதி என்னவாகும் என்பதையும் தொழிலாளர் கேட்கின்றனர். நியாயமான கேள்விகள். ஜப்பானிலும் மசசூசெட்ஸிலும் பங்கு முறை நிலைத்ததற்குக் காரணமே நட்டத்தையும் பகிர்ந்துகொண்டதுதான். இங்கே நட்டம் மட்டும் பகிரப்படுமோ என்பது அச்சம்.

நிலத்தைப் பற்றியோ எவரும் பேசுவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிய பிறகு, வீடு கட்ட 7 பேர்ச் நிலம் என்ற பேச்சு எழுந்தது. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடும் முற்றமும் போக, நாலு பாத்தி அவரைக்கு இடமிருக்கும்.

மீதி மலைகள் கம்பெனிகளிடம் குத்தகையில் இருக்கின்றன. குத்தகைக் காலம் 53 வருடம். 1992இலிருந்து கணக்கிட்டால் 2045இல் முடிகிறது. இன்று ஆறாந் தரத்தில் என்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்பொழுது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவர்களுட் பாதிப்பேரின் தாய்மார் இந்நேரம் மலையில் நிரை பிடித்திருக்கிறார்கள்.