பாடியவர் மறைந்தார், பாடம் நிலைத்தது

நல்ல குரல் இறைவன் தந்த கொடை என்பர். ஆயினும் அக்கொடை நெடுநாள் நம்மிடம் தங்குவதில்லை. இருபது வயதில் எளிதாய் எட்டிய சுரம் ஐம்பது வயதில் எட்டாமற் போவதைப் பாடற் குழுவில் நின்று பழகிய நம்மிற் பலர் அறிவோம். குரல் தளர்ந்தபின் பாடகரிடம் எஞ்சுவது யாது? மனுவேல் கார்சியா என்பாரின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகிறது.

கார்சியா 1775ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் பிறந்தார். சிறுவயதில் தேவாலயப் பாடற் குழுவில் பாடிப் பயின்று, பின்னர் ஆப்பரா எனும் இசை நாடக மேடையை நாடினார். அவருடையது டெனர் குரல். ஸ்பெயினில் பெயர் பெற்று, 1808இல் பாரிஸ் மேடை ஏறினார். அதன்பின் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்றபோது, தாம் புகழ்பெற்ற பாடகராயிருந்தும், அன்சானி என்னும் முதிய டெனரிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். கற்பிக்க வல்லவர் கற்கவும் நாணார் அன்றோ!

1816 பிப்ரவரி 20 அன்று உரோமை நகரில், ரொசினி இசையமைத்த 'செவில் நகர நாவிதன்' அரங்கேறியது. அதில் அல்மவீவா பிரபுவாகப் பாடியவர் கார்சியாவே. முதல் நாள் கூச்சலும் கேலியுமே கிடைத்தன. மறுநாளோ பெரும் வெற்றி!

1825 நவம்பர் 29 அன்று அதே நாடகத்தை நியூயார்க் நகரில் நடத்தினார். மனைவி, மகன் மனுவேல், பதினேழு வயது மகள் மரியா ஆகிய மூவரும் அவருடன் பாடினர். இத்தாலிய ஆப்பராவை இத்தாலிய மொழியிலேயே அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்திய பெருமை இக்குடும்பத்துக்கு உரியது. அடுத்த ஆண்டு மோட்சார்ட்டின் 'தோன் ஜொவானி' நாடகத்தையும் அங்கே மேடையேற்றினார். அதன் பாடல் வரிகளை இயற்றிய லொரென்சோ த பொந்தே முதுமையில் அந்நகரில்தான் வாழ்ந்து வந்தார். தம் படைப்பு புதிய கண்டத்தில் அரங்கேறக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது.

அங்கிருந்து மெக்சிகோ சென்ற கார்சியா, நாடு திரும்பக் கடற்கரை நோக்கி வரும் வழியில் கொள்ளையரிடம் சிக்கி, ஈட்டிய பொருளை இழந்தார். 1829இல் பாரிஸ் திரும்பியபோது பொருளும் இல்லை. பழைய குரலும் இல்லை. எஞ்சியது பாட்டுக் கற்பிக்கும் திறன் ஒன்றே. 1832இல் உயிர் துறக்கும்வரை அதனையே தொழிலாய்க் கொண்டார்.

அவர் கடுமையான ஆசிரியர். தந்தையிடம் பாடம் கேட்கையில் மரியா கண்ணீர் விட்டதுண்டு என்பர். அக்கடுமையை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால் அவர் உழைப்பு வீண்போகவில்லை. மாணவர் அதோல்ஃப் நூரி பாரிஸ் ஆப்பராவின் தலைசிறந்த டெனராய் விளங்கினார். மரியா மாலிப்ரான் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்று, 1836இல் இருபத்தெட்டு வயதிலேயே மறைந்தார். இளைய மகள் பொலினுக்குத் தந்தை இறந்தபோது வயது பத்துதான். தாய் பயிற்சியைத் தொடர, பொலின் வியார்தோ பெரும் பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் ஆசிரியையாகவும் உயர்ந்து 1910வரை வாழ்ந்தார்.

மகன் மனுவேலின் கதை இன்னும் வியப்புக்குரியது. மேடை அவருக்குக் கைகூடவில்லை, குரல் கெட்டது. மனந்தளராது கற்பித்தலை மேற்கொண்டார். 1841இல் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் பழுதுபட்ட குரலுடன் அவரைத் தேடி வந்தார். ஆறு வாரம் பாடாமல் ஓய்ந்திருக்கச் சொல்லி, அதன்பின் பாடம் தொடங்கி, அக்குரலை மீட்டுத் தந்தார். பாடும்போது தொண்டைக்குள் நிகழ்வதென்ன என்று அறிய விழைந்த அவர், 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியை வாயினுள் வைத்து, சூரிய ஒளியைச் செலுத்தித் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். மறு ஆண்டு அதை லண்டன் ராயல் கழகத்துக்கு எடுத்துரைத்தார். தொண்டை மருத்துவத்தில் புதுவழி திறந்தது! 1905இல் அறிஞரும் இசைவாணரும் கூடி அவரது நூறாவது பிறந்த நாளைக் கொண்டாடினர். அடுத்த ஆண்டு மறைந்தார்.

மூத்த கார்சியா பாடிய பாட்டை இன்று எவரும் கேட்க இயலாது. ஒலிப்பதிவு தோன்றுமுன் அடங்கிய குரல் அது. அவர் கற்பித்ததோ மக்கள் வழியும் மாணவர் வழியும் தலைமுறைகளைக் கடந்தது. நம் ஆலயத்தில் குரல் தளர்ந்து ஒதுங்கி நிற்கும் மூத்த பாடகர்களே, உங்கள் பணி முடியவில்லை. சிறுவரை அருகழைத்து, அன்போடு கற்பியுங்கள். வருங்கால விழாக்களில் அவர்கள் பாடுகையில், உங்கள் குரலையும் நாம் கேட்போம்.